100 லிட்டர் பவளத் தொட்டியில் நட்சத்திர மீன் விடலாமா?

தொட்டி தொடங்கி இரண்டு மாதம், உள்ளே ஜோவாந்திட் (பொத்தான் போன்ற மென்பவளம்), கண்ணாடியில் பாசி. சாக்லேட் சிப் நட்சத்திர மீன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது பவளத்தையும் கடற்பஞ்சையும் தின்றுவிடும். நீல லிங்கியா என்ற நட்சத்திர மீன் பவளத்தைத் தொடாதுதான். ஆனால் இவ்வளவு சின்ன, புதிய தொட்டியில் மேய ஒன்றும் கிடைக்காமல் சில மாதங்களில் பட்டினியால் செத்துப்போகும்.

பாசிக்கு டிரோக்கஸ் நத்தை மூன்று போதும். கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். அஸ்ட்ரேயா நத்தைக்கு அது வராது. மணலில் மல்லாந்தபடி செத்து நீரைக் கெடுக்கும். ஹெர்மிட் நண்டு (வெற்று நத்தை ஓட்டில் வாழ்வது) விட்டே ஆகவேண்டுமென்றால் நீலக்கால் வகையில் இரண்டு, கூடவே சற்றுப் பெரிய வெற்று ஓடுகள் ஐந்தாறு. இல்லாவிட்டால் ஓட்டுக்காக நத்தையைக் கொல்லும். (ஓடு கிடந்தாலும் சில கொல்லத்தான் செய்யும்.)

இறாலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெப்பர்மிண்ட் இறால் என்ற பெயரில் ஒட்டக இறால் வந்து சேரும். முதுகில் கூன், சிவப்பு உடலில் பளிச்சென்ற வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால் வாங்காதீர்கள். உங்கள் ஜோவாந்திட்டைத் தின்னும். கிளீனர் இறாலால் அந்த ஆபத்து இல்லை, சாப்பாட்டை மட்டும் பவளத்தின் வாயிலிருந்து பிடுங்கும்.

எதை விட்டாலும், அது வந்த பையில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்குங்கள்: நொடிக்கு 2 சொட்டு, சுமார் ஒரு மணி நேரம், பையிலுள்ள நீரின் ஒப்படர்த்தி (உப்பளவைக் காட்டும் எண்) தொட்டியின் 1.025-ஐ எட்டும்வரை. அந்தத் தொட்டியில் மீனுக்குத் தாமிர மருந்து ஊற்றியதுண்டா? அப்படியானால் முதலில் தாமிரச் சோதனை, தாமிரம் நத்தை, இறால், நண்டைக் கொன்றுவிடும். பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்திருந்து மெல்லக் கசியவிடும்.