வெள்ளிக்கும் காந்தப்புலம் இல்லையே: கண்காட்சி அட்டை குறித்து

வணக்கம் ஆசிரியரே. யாழ்ப்பாணத்தில் உங்கள் பாடசாலையின் விஞ்ஞானக் கண்காட்சிக்கு மாணவர்கள் எழுதிய அட்டையில் ‘காந்தப்புலம் இல்லாததால் செவ்வாய் வளிமண்டலத்தை இழந்தது’ என்றிருப்பதையும், அப்படியானால் காந்தப்புலமே இல்லாத வெள்ளியில் அடர்ந்த வளிமண்டலம் எப்படி இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டதையும் எழுதியிருந்தீர்கள். பிள்ளையின் கேள்வி மிகச் சரியானது. அட்டையைத் திருத்தத்தான் வேண்டும்.

2014 செப்ரெம்பரில் செவ்வாயை அடைந்த மேவன் விண்கலம், ஆகன் வாயுவின் பாரமான, இலேசான சமதானிகளை (ஒரே மூலகத்தின் திணிவு வேறுபட்ட அணுக்களை) ஒப்பிட்டு அளந்தது. ஆகன் எதனுடனும் தாக்கமுறாத வாயு; ஆகவே அது பாறைகளோடு சேர்ந்து மறைந்திருக்க முடியாது, விண்வெளிக்குத்தான் தப்பியிருக்க வேண்டும். இலேசான சமதானி கூடுதலாகக் குறைந்திருந்ததிலிருந்து, செவ்வாயின் ஆகனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதெனக் கணித்தார்கள். சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றமுள்ள துணிக்கைகளின் ஓட்டமான சூரியக் காற்று அள்ளிச்செல்லும் அயன்களில் (மின்னேற்றமுள்ள அணுக்களில்) சில திரும்பி வந்து வளிமண்டலத்தில் மோதி அணுக்களை வெளியே தள்ளுகின்றன. அங்கே தப்பல் வேகம், அதாவது கோளின் ஈர்ப்பை மீறி வெளியேறத் தேவையான வேகம், செக்கனுக்கு 5 கிலோமீற்றர் மட்டுமே.

வெள்ளியில் தப்பல் வேகம் செக்கனுக்கு 10 கிலோமீற்றருக்கு மேல். அத்தோடு வெள்ளியின் அயன்மண்டலமே (வளிமண்டலத்தின் மேற்பகுதியில் அயன்கள் நிறைந்த படையே) சூரியக் காற்றைத் தடுத்து ஒரு தூண்டல் காந்தமண்டலத்தை, அதாவது கோளின் உள்ளிருந்து வராமல் சூரியக் காற்றினால் தூண்டப்படும் காந்தக் கவசத்தை, உருவாக்கிக்கொள்கிறது. ஆனாலும் அங்கே இழப்பு இல்லாமலில்லை: ஐதரசனும் ஒட்சிசனும் ஏறத்தாழ 2:1 என்ற நீரின் விகிதத்திலேயே வெளியேறுவதை வீனஸ் எக்ஸ்பிரஸ் விண்கலம் கண்டது. காந்தப்புலமுள்ள பூமியும் துருவங்களின் வழியே ஒட்சிசனை இழக்கிறது.

எனவே காந்தப்புலத்தை மட்டும் காரணமாக்காமல், ‘குறைந்த ஈர்ப்பும் சூரியக் காற்றும்’ என்று தொடங்கி எழுதச் சொல்லுங்கள். மூன்று கோள்களின் தப்பல் வேகங்களையும் அருகிலேயே குறித்தால், கேட்ட பிள்ளைக்கு அதுவே விடையாகிவிடும்.