சும்மா கிடக்கிற நிலமா?

அன்புள்ள அண்ணாச்சி,

போன வாரம் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு விமானத்தில் வந்தேன். இறங்கும் முன் ஜன்னல் வழியே கட்டம் கட்டமாக உப்பளங்கள். தெற்கே ஆறு பிரிந்து கடலில் சேரும் இடத்தில் சிறியதாக ஒரு மீனவர் ஊர். சுற்றிலும் சேறும் புதருமாக ஏக்கர் கணக்கில் நிலம் சும்மா கிடக்கிறது. அது எந்த ஊர்? கொற்கை அதற்குப் பக்கமா? படிக்கப் புத்தகம் உண்டா?

மு., பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

ஊர் புன்னைக்காயல். கொற்கை சில கிலோமீட்டர் மேற்கே. ஒரு காலத்தில் துறைமுகம், ஆற்று வண்டல் அதைக் கடலை விட்டு உள்ளே தள்ளிவிட்டது. புத்தகம் அப்புறம்.

'சும்மா கிடக்கிறது' என்று எழுதினீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் இப்படி எழுதலாமா? ஸ்ரீவைகுண்டத்துக் கடைசி அணைக்கட்டோடு ஆறு முடிந்துவிட்டதாக நமக்கு நினைப்பு. அதைத் தாண்டும் தண்ணீர் 'கடலில் வீணாகக் கலக்கிறது' என்று சொல்லிப் பழகிவிட்டோம். என்ன வீண்? கடலில் பொரித்த இறால் குஞ்சு கழிமுகத்துக்குள் வந்து, உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் வளர்ந்துதான் திரும்பக் கடலுக்குப் போகிறது. நன்னீர் வராவிட்டால் அந்த ஊர்க்காரர் மடியில் என்ன விழும்?

பன்னிரண்டு வயதில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் என்னை வள்ளத்தில் அங்கே கூட்டிப்போனார். அலையாத்தி மரங்களைச் சுற்றி, சேற்றுக்குள்ளிருந்து விரல் விரலாக வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. "மரம் மூச்சு விடுது" என்றார். ஒரு இலையைக் கிள்ளி, "நக்கிப் பாருலே" என்றார். கரித்தது. வேர் வழியே ஏறிய உப்பை இலை வெளியே தள்ளுகிறதாம். அன்று முழுக்க இலை இலையாக நக்கிக்கொண்டே வந்தேன்.

2023 டிசம்பரை மறந்துவிட்டீர்களா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆற்றங்கரை ஊரான ஏரல் மூழ்கியது. அந்த வெள்ளம் கடலுக்குப் போகும் வழியில் பரந்து நின்றது இந்தச் சேற்று நிலத்தில்தான். இதையும் மண்ணடித்து மேடாக்கினால் தண்ணீர் யார் வீட்டுக்குப் போகும்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜன்னலில் பார்த்த ஊருக்குப் பெயர் கேட்டு எழுதினீர்களே, அது எனக்குப் பெரிய சந்தோஷம். அடுத்த முறை வாகைகுளம் விமான நிலையத்தில் இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போகாமல் ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயல் போங்கள். யாரிடமாவது வள்ளம் கேளுங்கள். ஒரு இலையை நக்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், புத்தகத்தின் பெயரை அப்போது சொல்கிறேன்.