கல்முனையில் பாவித்த ஜி29, ஒன்லைனில் புதுசு: எந்த கேம் ஸ்டியரிங்கை எடுப்பது?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன், அண்ணா. என்னிடம் ஒரு கொம்பியூட்டரும் பிளேஸ்டேஷன் 4-உம் (பிஎஸ்4) இருக்கின்றன. கொம்பியூட்டரில் லொறி ஓட்டும் யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2, கார் ரேஸ் ஓட்டும் அசெட்டோ கோர்சா. பிஎஸ்4-இல் கிரான் டூரிஸ்மோ 7. இதுவரை கீபோர்டும் கண்ட்ரோலரும்தான். கல்முனையில் ஒருவர் பாவித்த லொஜிடெக் ஜி29 விற்கிறார். அதில் பாதி விலைக்கும் குறைவாக, பேர் தெரியாத கம்பெனியின் புது ஸ்டியரிங் ஒன்று ஒன்லைனில் கிடைக்கிறது. பெட்டியில் 'ஃபோர்ஸ் வைப்ரேஷன்' என்று போட்டிருக்கிறது. கட்டாரில் இருக்கும் மச்சான் பொங்கலுக்கு லீவில் வருகிறார், அவரிடம் சொல்லியும் எடுக்கலாம். டைரக்ட் ட்ரைவ், அதாவது மோட்டரிலேயே நேராகப் பூட்டிய ஸ்டியரிங், எடுக்காவிட்டால் காசு வீண் என்கிறார்கள் கூட்டாளிமார். என்ன செய்வது?

பதில்: தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்முனைக்குப் போய் அந்த ஜி29-ஐச் சோதித்துப் பாருங்கள். கீழே சொல்கிற சோதனைகளில் தேறினால் அதையே எடுங்கள். மிஞ்சுகிற காசை ஸ்டாண்டுக்கும் அசையாத கதிரைக்கும் போடுங்கள். அந்தப் புதுச் சாமான் வேண்டாம். டைரக்ட் ட்ரைவும் இப்போதைக்கு வேண்டாம். அதற்கு விலை மட்டும் காரணமில்லை.

ஃபோர்ஸ் ஃபீட்பேக், அதாவது ஸ்டியரிங் மோட்டரால் கையை எதிர்த்துத் தள்ளுவது, கைக்கு என்ன சொல்கிறது என்பது விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஓடுகிற காரில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் அது தானாக நேருக்கு வரப் பார்க்கும். முன் டயர் ரோட்டைத் தொடும் இடத்தில் ரப்பர் முறுகுகிறது. அந்த முறுக்கம் டயரைத் திரும்ப நேராக்கத் தள்ளுகிறது. வளைவில் அழுத்தம் கூடக் கூடக் கைக்கு வரும் பாரமும் கூடும். ஆனால் டயர் தன் பிடியின் எல்லையை நெருங்கும்போது, பிடி விடுவதற்குச் சற்று முன்னாலேயே அந்தப் பாரம் குறையத் தொடங்கிவிடும். கல்லடிக் கடற்கரைப் பக்கம் ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கும் இடத்தில் மோட்டார் சைக்கிளின் முன் டயர் ஏறினால் ஹேண்டில் ஒரு கணம் வெறுமையாகுமே, அதே உணர்வு. கண் அதைக் காணுமுன் கை அறிந்துவிடும். கார் இன்னும் வெளியே போகவில்லை, ஆனால் போகப் போகிறது என்று அந்த ஒரு கணம் சொல்லும். வேகமாக ஓடுகிறவர்கள் ஸ்டியரிங்கிடம் எதிர்பார்ப்பது இந்தச் செய்தியைத்தான்.

பின் டயர் வழுக்கும்போது இன்னொன்று நடக்கும். கார் உண்மையில் போகிற திசையை நோக்கி முன் டயர்கள் தாமாகத் திரும்பும். ஸ்டியரிங் உங்கள் கைக்குள்ளேயே எதிர்ப்பக்கம் சுழலும். பிடியைக் கொஞ்சம் தளர்த்தி அதை ஓடவிட்டாலே பாதி காப்பாற்றியாயிற்று. கண்ட்ரோலரில் எத்தனை வருடம் விளையாடினாலும் இது கைக்கு வராது.

ரேஸ் கேம் இந்தக் கணக்கையெல்லாம் செய்து, எந்தப் பக்கம், எவ்வளவு விசையோடு என்று ஸ்டியரிங்குக்குள் இருக்கும் மோட்டருக்குச் சொல்கிறது. அப்படியொரு மோட்டர் இல்லாத ஸ்டியரிங்கில் என்ன இருக்கும்? நேருக்கு இழுக்க ஒரு ஸ்பிரிங் அல்லது ரப்பர், கூடவே போனில் இருப்பதுபோல் அதிரும் சின்ன மோட்டர். மோதினாலும் அதே அதிர்வு, ரோட்டு விளிம்பில் ஏறினாலும் அதே அதிர்வு. பக்கம் தெரியாது, பாரம் தெரியாது. உங்கள் 'ஃபோர்ஸ் வைப்ரேஷன்' இந்த வகைதான். ஒன்லைனில் படத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம்: தனியாகக் கரண்டில் போடும் அடப்டர் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண யூஎஸ்பி 2 வயர் ஒன்றால் தரக்கூடியது இரண்டரை வொட் அளவுதான். கையை எதிர்த்துத் தள்ளும் மோட்டரை அதில் ஓட்ட முடியாது. அடப்டர் இல்லையென்றால் அங்கே ஃபோர்ஸ் ஃபீட்பேக்கும் இல்லை. அடுத்தது, எத்தனை பாகை திரும்பும் என்று பாருங்கள். மலிவான பலவும் 270 பாகையோடு நின்றுவிடும். யூரோ ட்ரக்கில் அதை வைத்து லொறி ஓட்டினால் கொஞ்சம் தொட்டாலே வண்டி அடுத்த லேனில் நிற்கும். 900 பாகை, அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டரைச் சுற்று, உங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

இனி கூட்டாளிமார் சொன்ன விசயம். மோட்டரின் விசையைக் கையில் பிடிக்கும் வளையத்துக்குக் கொண்டுவர மூன்று வழி உண்டு. ஜி29 போல பல்சக்கரம்; த்ரஸ்ட்மாஸ்டர் டி300ஆர்எஸ் போல பெல்ட்; மோட்டரின் தண்டிலேயே வளையத்தைப் பூட்டும் டைரக்ட் ட்ரைவ். பல்சக்கரம் கரடுமுரடாக இருக்கும், நடுவில் கொஞ்சம் லூஸ் இருக்கும், இரவில் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும். ஆனால் பாடுபட்டு உழைக்கும். பெல்ட் மெதுமை; நீண்ட நேரம் ஓடிச் சூடேறினால் விசையைக் குறைத்துக்கொள்ளும், சித்திரை வெக்கையில் காற்றோட்டம் இல்லாத அறையில் அது தெரியும். டைரக்ட் ட்ரைவ் மிகத் துல்லியம், மறுப்பேயில்லை.

பெலத்தை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். ஜி29 சுமார் 2.2, டி300 சுமார் 3.9. டைரக்ட் ட்ரைவ் வகையில் மோசா ஆர்5 5.5, ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி 5, அதற்கே பெரிய பவர் சப்ளை போட்டால் 8. 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஜி29 உங்கள் கையை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ பாரத்தோடு இழுக்கும். ஆர்5 நாலு கிலோ. எட்டு நியூட்டன் மீட்டர் ஆறு கிலோவுக்குக் கிட்ட. நாலு கிலோ இழுக்கும் சாமானைச் சாப்பாட்டு மேசையில் பூட்டினால் மேசைதான் ஆடும். அதைத் தாங்க இரும்புச் சட்டம் வேண்டும், அதற்கேற்ற பெடல் வேண்டும், செலவு அங்கேதான் ஏறும். இன்னொன்று: மோசா ஆர்5 கொம்பியூட்டருக்குத்தான். உங்கள் பிஎஸ்4-இல் அது வேலை செய்யாது, கிரான் டூரிஸ்மோவை மறக்க வேண்டியதுதான்.

இந்தப் பொருத்தம் பார்க்காமல் எடுத்துவிட்டுத் தவிக்கிறவர்கள் அதிகம், அதனால் அழுத்திச் சொல்கிறேன். ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் கொம்பியூட்டருக்கும். பார்வைக்கு அதன் கூடப்பிறந்தது போலிருக்கும் ஜி920 எக்ஸ்பொக்ஸுக்கும் கொம்பியூட்டருக்கும், பிஎஸ்4-இல் ஓடாது. பிறகு வந்த ஜி923-உம் த்ரஸ்ட்மாஸ்டர் டி248-உம் இரண்டு வகையாக விற்கப்படுகின்றன, பெட்டியில் எந்தக் கொன்சோலின் பெயர் இருக்கிறது என்று பார்த்தே வாங்க வேண்டும்.

கல்முனைக்குப் போகும்போது ஒரு லப்டொப்பும் கொண்டு போங்கள், லொஜிடெக்கின் ஜி ஹப் மென்பொருளை முதலே ஏற்றி வையுங்கள். அடப்டரையும் யூஎஸ்பியையும் கொடுத்ததும் கையை எடுத்துவிடுங்கள். ஸ்டியரிங் தானாக ஒரு முனைக்குப் போய், மறுமுனைக்குப் போய், நடுவில் வந்து நிற்க வேண்டும். பாதியில் நின்றாலோ, நடு என்று சொல்லிக் கோணலாக நின்றாலோ, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அடுத்து கையால் முனைக்கு முனை மெல்லத் திருப்பிக் காதைக் கொடுங்கள். பல்சக்கரத்தின் மெல்லிய இரைச்சல் இயல்பு. ஒரே இடத்துக்கு வரும்போதெல்லாம் 'டக்' என்று கேட்டால் பல்லில் பிழை.

பிறகு விண்டோஸில் கேம் கண்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு பெடலையும் மிக மெதுவாக மிதியுங்கள். திரையில் பட்டை வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். துள்ளித் துள்ளி ஏறினால் உள்ளே அளவெடுக்கும் உறுப்பில் தூசு பிடித்திருக்கிறது. கொன்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவே அது வாங்காமல் விடக் காரணமில்லை, விலையைக் குறைக்கக் காரணம். பிரேக்கைத் தனியாகக் கவனியுங்கள்: ஜி29-இன் பிரேக்கில் ஸ்பிரிங்குக்குள் ஒரு ரப்பர் கட்டை உண்டு, பாதிக்கு மேல் மிதித்தால் கல்லாக இறுகும். சிலர் அதைக் கழற்றிவிட்டுப் பாவிப்பார்கள். கழற்றியிருந்தால் அந்தக் கட்டையையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒரு ரேஸ் கேமைப் போட்டு இருபது நிமிடமாவது முரட்டுத்தனமாக ஓட்டுங்கள். சுவரில் மோதுங்கள், புல்லில் இறங்குங்கள். அதன் பிறகும் நேர் ரோட்டில் ஸ்டியரிங் நேராக நிற்கிறதா? நின்றால் உள்ளே சுகம். நம்முடைய பக்கத்தில் வாவியும் கடலும் இரண்டு பக்கமும் உப்புக் காற்றை அனுப்புகிறபடியால், மேசையில் பூட்டும் கவ்விகள், அடிப்பக்க ஆணிகள், பெடல் வயர் முனையில் இருக்கும் ஊசிகள் எல்லாவற்றையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஊசியில் பச்சை பூத்திருந்தால் அந்த வீட்டில் அது எப்படிக் கிடந்தது என்று தெரிந்துவிடும். அடப்டர் அதனுடையதுதானா, 24 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாமான் வீட்டுக்கு வந்தபின் காசு எங்கே போக வேண்டும் என்று கேட்டால், நான் பிரேக்கைத்தான் காட்டுவேன். நேரத்தைக் குறைப்பது வளைவுக்கு முன்னால் எவ்வளவு சீராக மிதித்து எவ்வளவு சீராக விடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. அதற்குக் கால் ஒரே இடத்திலிருந்து மிதிக்க வேண்டும். நம் வீடுகளில் தரை சீமெந்து அல்லது டைல்ஸ். ஜி29 பெடலுக்கு அடியில் கார்ப்பெட்டைக் கவ்வும் பற்கள் இருக்கின்றன. டைல்ஸில் அவற்றால் பயனில்லை. பிளாஸ்டிக் கதிரை பின்னால் வளையும், சில்லு வைத்த ஒபிஸ் கதிரை பின்னால் ஓடும். பெடலைச் சுவரில் முட்டுக் கொடுத்தாலும் கதிரை ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இதற்கு மலிவான வழி, பெடலையும் கதிரையின் கால்களையும் ஒரே சட்டத்தில் பிணைப்பது. அப்போது நீங்கள் மிதிக்கும் விசை அந்தச் சட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும், தரை எதுவானாலும் கவலையில்லை. தச்சு வேலை செய்கிறவரிடம் தடித்த பலகையில் அடிக்கச் சொல்லலாம், வெல்டிங் கடையில் பொக்ஸ் பாரில் ஒட்டச் சொல்லலாம். வரைபடம் கொடுப்பதைவிட, கதிரையையும் ஸ்டியரிங்கையும் கடைக்கே கொண்டு போய் உட்கார்ந்து அளவு கொடுப்பது மேல். முதுகு கதிரையில் சாய்ந்தபடியே இருக்க, முழங்கை மடிந்து, பிரேக்கை முழுதாக மிதித்தாலும் முழங்கால் முற்றாக நீளாமல் இருக்க வேண்டும். ஸ்டியரிங்கின் அடியில் ஆணி பூட்ட இரண்டு எம்6 துளைகள் உண்டு. கவ்விகளை நம்பாமல் அவற்றில் பூட்டச் சொல்லுங்கள். பின்னாளில் மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் லோட் செல் பிரேக் வாங்க விரும்பினாலும் இதே சட்டம் தாங்கும். டைரக்ட் ட்ரைவுக்கு முன் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

செட்டிங்கில் ஒரே ஒரு விசயம். புதிதாக எடுத்தவர்கள் எல்லாரும் ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை உச்சத்துக்கு ஏற்றுவார்கள். சிறிய மோட்டரில் அது கெடுதி. மோட்டர் தன் முழு விசையையும் சாதாரண வளைவுக்கே கொடுத்துவிட்டால், அதைவிடப் பெரிய விசையைக் காட்ட அதனிடம் ஒன்றும் மிஞ்சாது. மேலே சொன்ன அந்த இலேசாகும் கணம் உங்களுக்கு வராது. அசெட்டோ கோர்சாவில் பெடல் பட்டைகளோடு ஃபோர்ஸ் ஃபீட்பேக்குக்கும் ஒரு பட்டையைத் திரையில் காட்டலாம். வேகமான வளைவில் அது உச்சியில் போய் ஒட்டிக்கொண்டே நின்றால் குறையுங்கள். இடைக்கிடை தொட்டுவிட்டு இறங்கினால் சரி.

கல்முனைச் சாமான் தேறவில்லை என்றால், அல்லது விற்பவர் கரண்டில் போட்டுக் காட்டத் தயங்கினால், மச்சானிடம் சொல்லுங்கள். கட்டாரில் இருப்பதும் நமக்குப் பழக்கமான சதுர மூன்று முனை பிளக்தான், வோல்ட்டும் ஒத்துவரும். ஜப்பானில் இருந்து வந்த பழைய சாமானை யாராவது தந்தால்தான் கவனம் வேண்டும். அங்கே கரண்ட் 100 வோல்ட், நமக்கு 230. அடப்டரில் 100 முதல் 240 வரை என்று அச்சடித்திருந்தால் மட்டும் சொருகுங்கள். வேறு நாட்டில் வாங்கியதற்கு இங்கே உத்தரவாதம் கிடைப்பது கஷ்டம் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஜி29-இன் ஸ்டியரிங் 2.25 கிலோ, பெடல் 3.1 கிலோ, பெட்டியை விட்டுவிட்டு உடுப்புக்குள் சுற்றினால் லக்கேஜில் அடங்கும். அவருக்கு அனுப்ப வேண்டிய செய்தி இவ்வளவுதான்: "ஜி29, அல்லது பிளேஸ்டேஷன் என்று பெட்டியில் போட்ட ஜி923, அல்லது மூன்று பெடலோடு வரும் டி300ஆர்எஸ் ஜிடி. ஜி920 வேண்டாம். பில்லையும் அடப்டரையும் கைப்பையில் வையுங்கள்."