போட்டுக்குள் தண்ணீர் நின்றால் ஆடாதா?

யாழ்ப்பாணம் குருநகரில் மீன்பிடித் தொழில் செய்யும் ஒரு தம்பி கேட்கிறார்: "18 அடி பைபர் போட் வைத்திருக்கிறேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றால் போட் சும்மா சும்மா ஆடாமல் கனமாக நிற்கிறது, அதனால் இறைக்கத் தேவையில்லை என்று கூட வருகிறவர்கள் சொல்கிறார்கள். உண்மையா? இல்லாவிட்டால் மணல் மூட்டை போடலாமா?"

தம்பி, தயவுசெய்து இறையுங்கள். நீங்கள் சொல்கிற அந்த "ஆடாமல் நிற்கிறது" என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போட் தன் பாரத்துக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கும் வரை தாழும், பிறகு மிதக்கும். நீர்மட்டத்தில் உங்கள் போட்டின் பரப்பு 5 சதுர மீற்றர் என்று வைத்தால், 100 கிலோ கூட ஏற்றினால் சுமார் 2 சென்ரிமீற்றர் தாழும், அவ்வளவுதான். விஷயம் சரியும்போதுதான் இருக்கிறது. போட் ஒரு பக்கம் சரிந்தால் அந்தப் பக்கம் கூடுதலாக அமிழும், கீழிருந்து தூக்கும் விசையும் அந்தப் பக்கம் நகரும், ஆனால் கட்டி வைத்த பாரம் இருந்த இடத்திலேயே இருப்பதால் போட் திரும்ப நிமிர்கிறது. உள்ளே தண்ணீர் இருந்தால் அந்தப் பாரமும் சரிந்த பக்கத்துக்கே ஓடிவிடும். 4 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் அகலமுமான தளத்தில் 5 சென்ரிமீற்றர் கடல்நீர் என்றால் 240 லீற்றர், கிட்டத்தட்ட 246 கிலோ. போட் சரியும் ஒவ்வொரு தடவையும் மூன்று நாலு பேர் சரிந்த பக்கத்துக்கே ஓடிப்போய் நிற்பது போலத்தான் இது.

நிமிர்த்தும் பலம் குறையக் குறைய ஆட்டமும் மெதுவாகும், போட் ஒரு பக்கம் போய் யோசித்து யோசித்துத் திரும்பும். அதைத்தான் உங்கள் ஆட்கள் கனம் என்று நினைக்கிறார்கள். வெடுக்கென்று ஆடித் திரும்புகிற போட் உடம்புக்கு அலுப்பு, ஆனால் அது நிமிரப் பலம் உள்ள போட். வழக்கத்தை விட ஆட்டம் மெதுவாகிவிட்டது என்று பட்டால் உடனே தளத்தைப் பாருங்கள்.

மணல் மூட்டையை அடியில், நடுவில், அசையாமல் கட்டினால் அது தண்ணீரைப் போல ஓடாது, அந்த அளவில் நல்லதுதான். ஆனால் போட் தாழ்வதால் விளிம்பு நீருக்குக் கிட்ட வரும், அலை உள்ளே விழும், போட் நிரம்பிவிட்டால் உள்ளே அடைத்த ரெஜிபோம் (மிதப்புக்கான நுரைப்பொருள்) அந்த மணலையும் சேர்த்துத் தாங்க வேண்டும். எனக்கு விருப்பமில்லை. எரிபொருள் கான், ஐஸ் பெட்டி, வலை எல்லாவற்றையும் தாழ்வாக நடுவில் வைத்துக் கட்டினாலே போதும்.

செலவு செய்ய முடிந்தால் தளத்தின் நடுவே, அணியத்திலிருந்து (போட்டின் முன்பக்கத்திலிருந்து) பின்பக்கம் வரை நெடுக ஒரு தடுப்புப் போடுங்கள். தண்ணீர் ஓடுகிற இந்தக் கெடுதி அகலத்தின் மும்மடிக்கு (அகலம் × அகலம் × அகலம்) ஏற்பக் கூடுவதால், அகலத்தை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதியிலும் எட்டில் ஒன்று, இரண்டும் சேர்ந்து நாலில் ஒன்றாகக் குறையும். குறுக்கே போடுகிற தடுப்பு பக்கவாட்டுச் சரிவுக்கு உதவாது, தண்ணீர் பின்னுக்கு ஓடி எஞ்சின் பக்கம் தாழ்வதைத்தான் குறைக்கும்.

வாடைக் காற்றில் தண்ணீர் ஏறிவிட்டால் அவசரப்பட்டுக் கரைக்குத் திருப்ப வேண்டாம். திருப்பும்போது அலை பக்கவாட்டில் அடிக்கும், உள்ளே இருக்கும் தண்ணீரும் அதே நேரம் ஒரு பக்கம் ஓடும். ஒருவர் எஞ்சினை மெதுவாக ஓட்டி அணியத்தை அலைக்கு நேரே பிடிக்கட்டும், மற்றவர் குந்தியிருந்து இறைக்கட்டும், தளம் தெரிந்த பிறகு திருப்புங்கள்.