கையெழுத்துக்கு 2,400 ரூபா கிட் வாங்கலாமா?

கேள்வி: அக்கா, நாங்க தண்டையார்பேட்டை. பையனுக்கு 7 வயசு, ரெண்டாங்கிளாஸ். அரைப்பக்கம் எழுதறதுக்குள்ள கை வலிக்குதுன்னு அழறான், சட்டை பட்டன் கூட நான்தான் போட்டுவிடணும். ஃபோன்ல ஒரு விளம்பரம் வருது, விரல் பயிற்சி கிட்டாம், 2,400 ரூபா, 30 நாள்ல கையெழுத்து முத்து முத்தா வருமாம். வாங்கட்டுமா?

பதில்: வாணாம்மா. விரல் பலமாகறதும் கண்ணும் கையும் ஒண்ணா பழகறதும் புள்ளைக்குப் புள்ள மாறும், அதுக்கு 30 நாள்னு கெடு வச்சு விக்கறவங்களை நம்பாதீங்க. இந்த மாதிரி கிட்ல பெரும்பாலும் களிமண்ணு, மணி, கிளிப்பு, கத்திரிக்கோல்தான் இருக்கும். களிமண்ணுக்கு பதிலா சப்பாத்தி மாவு குடுங்க, துணி காயவைக்கும்போது கிளிப்பு போடற வேலைய அவன்கிட்ட விடுங்க. எல்லாத்தையும் விட நான் சொல்றது பல்லாங்குழி. ஒரு கை நிறைய புளியங்கொட்டைய அள்ளி, மீதி கீழ கொட்டாம உள்ளங்கையிலயே பிடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா விரல் நுனிக்குத் தள்ளி குழியில போடறான் பாருங்க, ஆக்குபேஷனல் தெரபில, அதாவது கைவேலை, அன்றாட வேலை பழக்கற சிகிச்சைல, நாணயத்தை வச்சு சொல்லித்தர்ற பயிற்சியும் இதேதான். பூ கட்டவும் சொல்லிக்குடுங்க, ஆம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க.

காசு போடறதுன்னா பாரிமுனைல ஆண்டர்சன் தெரு பக்கம் போனா முக்கோண பென்சில் கிடைக்கும், 2பி வாங்குங்க, அழுத்தாமலே கறுப்பா விழும். அதை பாதியா உடைச்சுக் குடுங்க, குட்டையா இருந்தா முழுக்கையால பிடிக்க முடியாது, விரல் நுனிக்கு தானா வந்துடும். கத்திரிக்கோல் முனை மழுங்கினது, இடது கைக்காரன்னா அதுக்குன்னு இருக்கறதையே கேட்டு வாங்குங்க.

பொம்மை எதுவானாலும் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்க, 2021 ஜனவரிலேருந்து 14 வயசுக்குள்ள இருக்கற புள்ளைங்க பொம்மைக்கு அது கட்டாயம். வீட்ல கைக்குழந்தை இருந்தா மணி, காந்தம் வச்சது எதுவும் வாணவே வாணாம், புளியங்கொட்டையையும் எண்ணி எடுத்து வைங்க. விளம்பரத்துக்கு ஏற்கனவே காசு கட்டிட்டு பொருள் வரலன்னா நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்க.

ஆனா ஒண்ணு, கைவலியும் இருக்கு, 7 வயசுல பட்டனும் போட வரலன்னா எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரில ஒருதரம் காட்டி, ஆக்குபேஷனல் தெரபி வேணுமான்னு கேட்டுடுங்க. அதுவரைக்கும் மிஸ்கிட்ட பேசி எழுத்துவேலைய குறைக்கச் சொல்லுங்க, அழுதுகிட்டே எழுத வைக்காதீங்கம்மா.