எலும்பு உயிருள்ள பொருளா? மாவுக்கட்டு போட்டால் அது எப்படி ஒட்டுகிறது?

உயிருள்ளதுதான். "கை முறிந்து கட்டு போட்டிருக்கிறேன், வலியே இல்லை, ஆனாலும் ஆறு வாரம் எதற்கு?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் முன்கை முறிந்து இதே சந்தேகம் வந்ததால் எழுதுகிறேன்.

கட்டு பிரித்த அன்று எடுத்த எக்ஸ்ரேயில், முறிந்த இடத்தைச் சுற்றி மேகம் படிந்தாற்போல ஒரு புடைப்பு தெரிந்தது. கோணலாக ஒட்டிவிட்டதோ என்று பயந்துபோனேன். "அதுதான் கேலஸ், புது எலும்பு" என்றார் மருத்துவர். இரண்டு வருடம் கழித்து வேறு காரணத்துக்காக அதே கையைப் படம் எடுத்தபோது, அந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தோலில் ஆழமாக வெட்டுப்பட்டால் தழும்பு நிற்கும். எலும்பு நன்றாக ஆறினால் அந்த இடத்தில் மறுபடி எலும்பே வந்துவிடுகிறது.

முறிவு இல்லாதபோதும் இந்த வேலை ஓய்வதில்லை. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் அமிலம் சுரந்து பழைய எலும்பைக் கரைக்கும். அந்தப் பள்ளத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் நாரைப் பரப்ப, அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிகமாகப் படியும். பெரியவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது.

நாரும் படிகமும் சேர்ந்ததுதான் எலும்பின் பலம். கோழிக்கால் எலும்பு ஒன்றைக் கழுவி, சில நாள் வினிகரில் ஊறவைத்துப் பாருங்கள். கால்சியம் கரைந்து, நார் மட்டும் மிஞ்சி, ரப்பர் மாதிரி வளையும். நெருப்பில் சுட்டால் நேர் எதிர்: நார் எரிந்துபோய், தொட்டால் நொறுங்கும்.

இன்னொன்று. உடலின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. இதயம் சரியாகத் துடிக்க இரத்தத்தில் அது குறிப்பிட்ட அளவில் இருந்தாக வேண்டும். குறைந்தால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோன் அனுப்பி எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். இரத்த அணுக்கள் பிறப்பதும் எலும்பு மஜ்ஜையில்தான். பள்ளியில் உடலின் எலும்புகள் 206 என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தபோது இதையெல்லாம் யாராவது சேர்த்துச் சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் ஆதங்கம் உண்டு.

சரி, உங்கள் ஆறு வாரத்துக்கு வருகிறேன். முறிந்ததும் அங்கே இரத்தம் உறையும். அப்புறம் அந்த இடத்தைக் குருத்தெலும்பு போன்ற மெத்தென்ற திசு இணைக்கும். வலி குறைவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஆனால் கால்சியம் இன்னும் போதுமான அளவு படிந்திருக்காது. கிட்டத்தட்ட அந்த வினிகர் எலும்பின் நிலை. வாரங்கள் போகப் போகத்தான் அது கெட்டியாகும். மாவுக்கட்டு எதையும் ஒட்டுவதில்லை, எலும்பு தன் வேலையை முடிக்கும்வரை அசையாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கட்டு பிரித்ததும் கை மெலிந்து தெரியும், பயப்படாதீர்கள். சுமை இல்லாவிட்டால் தசை மட்டுமல்ல, எலும்பும் குறையும். விண்வெளி வீரர்களுக்கு இடுப்பு எலும்பில் மாதம் 1 சதவீதத்துக்கு மேல்கூடக் குறைவது இதனால்தான். மருத்துவர் சொல்லும் பயிற்சியை அவர் சொல்லும் நாளில் தொடங்குங்கள். அதுவரை அந்தக் கையால் வாளி தூக்க வேண்டாம்.