22 நாட்களாக நிற்காத இரத்தப்போக்கு: தொழலாமா, லூப்பை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. கம்பளைக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். இரண்டு பிள்ளைகள். இளையவனுக்கு ஒன்றரை வயது, இன்னும் பால் குடிக்கிறான். நான்கு மாதங்களுக்கு முன் கருத்தடைக்காகக் கிளினிக்கில் லூப் போட்டேன். வழமையாக ஏழு நாட்களில் சுத்தமாகிவிடுவேன். இம்முறை 22 நாட்களாகியும் இரத்தம் நிற்கவில்லை. தொழுவதா, விடுவதா என்று தெரியவில்லை. லூப் போட்டதற்கான தண்டனைதான் இது என்கிறார் மாமி. எடுத்துவிடட்டுமா?

பதில்: சகோதரி, இது தண்டனை அல்ல. காரணத்தைக் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்ய வேண்டிய ஒரு குறைபாடு. இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள்.

செப்பு லூப் போட்ட முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு மாதவிடாய் அதிகமாகவும் நீண்டும் போவது சாதாரணம்தான். ஆனால் 22 நாட்களை அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டு இருக்க முடியாது. லூப் இடம் மாறியிருக்கலாம், கிருமித்தொற்று இருக்கலாம், கருப்பையில் கட்டி இருக்கலாம், அரிதாகக் கருவே தங்கியிருக்கலாம். லூப்பின் நூலைப் பார்ப்பார்கள், சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள், தேவையென்றால் ஸ்கேன் எடுப்பார்கள். பெண் வைத்தியர்தான் பார்க்க வேண்டும் என்றால் வெட்கப்படாமல் கேளுங்கள். அதைக் கேட்கக் கூச்சப்பட்டே மாதக்கணக்கில் வீட்டில் இருந்துவிடும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகிறது. உங்கள் பகுதி மிட்வைஃப்பிடம் சொன்னால் அவரே ஏற்பாடு செய்து தருவார்.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைவது, தலைசுற்றல், காய்ச்சல், துர்நாற்றம், அடிவயிற்றில் கடும் வலி, இவற்றில் எது வந்தாலும் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

தொழுகைக்கு வருகிறேன். பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் என்ற பெண்மணி நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டார்: "எனக்கு இரத்தம் நிற்பதே இல்லை, தொழுகையை விட்டுவிடட்டுமா?" வேண்டாம், அது ஓர் இரத்த நாளத்திலிருந்து வருவது, மாதவிடாய் அல்ல என்று சொல்லி, மாதவிடாய் நாட்களில் மட்டும் தொழுகையை விடும்படியும், அது முடிந்ததும் இரத்தத்தைக் கழுவிவிட்டுத் தொழும்படியும் நபியவர்கள் பணித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்களில் இது இருக்கிறது. அந்தப் பெண்ணை அவர்கள் கடிந்துகொள்ளவில்லை, பாவம் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. உங்கள் மாமியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி (மார்க்கச் சட்ட வழிமுறை) மாதவிடாயின் உச்ச அளவு 15 நாட்கள். அதையும் தாண்டி வரும் இரத்தம் இஸ்திஹாளா, அதாவது மாதவிடாய் அல்லாத தொடர் இரத்தப்போக்கு. ஆகவே நீங்கள் இப்போது குளித்துவிட்டு, ஒவ்வொரு பர்ளான (கட்டாய) தொழுகைக்கும் நேரம் வந்த பின் சுத்தம் செய்து, புதிய பேட் வைத்து, வுழூச் செய்து தொழ வேண்டும். நோன்பும் பிடிக்கலாம். விடுபட்டவற்றில் எத்தனை நாள் தொழுகையைக் கழாச் செய்வது (பின்னர் தொழுது நிறைவேற்றுவது) என்பது உங்கள் வழமையான ஏழு நாட்களையும் இரத்தத்தின் நிறத்தையும் பொறுத்தது. அந்தக் கணக்கை நான் சொல்வதைவிட ஊரில் உள்ள ஒரு மௌலவியாவிடம் (மார்க்கம் கற்ற பெண்) திகதிகளோடு கேட்பதுதான் சரி. இனிமேல் ஆரம்பித்த நாளையும் முடிந்த நாளையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அவருக்கும் அது உதவும், வைத்தியருக்கும் உதவும்.

லூப் பாவமா? "குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் அஸ்ல் செய்துவந்தோம்" (கரு தங்காமலிருக்க விந்தை வெளியே விடுவது) என்று நபித்தோழர் ஜாபிர் அறிவித்திருக்கிறார். இதை வைத்து, கணவன் மனைவி இருவரின் சம்மதத்தோடு தற்காலிகமாகக் கருவைத் தள்ளிப்போடும் முறைகளை உலமாக்கள் பலர் அனுமதிக்கிறார்கள். மருத்துவத் தேவையின்றி நிரந்தரமாகத் தடுப்பதைத்தான் மறுக்கிறார்கள். செப்பு லூப் கருவைக் கலைப்பதும் அல்ல. விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்து, பெரும்பாலும் கரு உருவாகாமலே தடுக்கிறது. பால்குடியை இரண்டு முழு ஆண்டுகள் என்று அல்பகரா 233ஆம் வசனம் சொல்கிறது. பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையில் குறைந்தது 24 மாதங்கள் வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை.

நான் அதிகம் கவலைப்படுவது உங்கள் இரத்த அளவைப் பற்றித்தான். இப்படி வரும் பெண்களின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் காகிதம்போல் வெளுத்திருக்கும். "களைப்புத்தான் டொக்டர், மேட்டில் ஏறி வந்தேன்" என்பார்கள். ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் அது இரத்தசோகை, கட்டாயம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை தந்தால் தேநீரோடு விழுங்காதீர்கள். நம் மலையகத்தில் பிளேன்டீ இல்லாமல் சாப்பாடு இறங்காது, ஆனால் தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தேசிக்காய்ச் சாற்றோடு எடுத்தால் நன்றாகச் சேரும்.

லூப்பை எடுப்பதைப் பரிசோதனை முடிந்த பிறகு முடிவு செய்யலாம். இடம் மாறியிருந்தால் எடுக்கத்தான் வேண்டும். சரியாக இருந்தால் இரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை சில நாட்களுக்குத் தருவார்கள். பார்மசியில் நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். அப்படியும் வேண்டாம் என்று தோன்றினால் எடுத்துவிடலாம், அது உங்கள் உரிமை. பாலூட்டும் தாய்க்குப் பொருந்தும் வேறு முறைகளும் கிளினிக்கில் இருக்கின்றன. கணவரையும் கூட்டிக்கொண்டு போய், எடுக்கும் நாளிலேயே மாற்று முறையையும் தீர்மானித்துவிட்டு வாருங்கள்.